முன்னறை மேசை

மார்ச் 4

அண்ணிக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன்.

போனில் பேசாமல் இவள் எதற்கு எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள், அண்ணன் போனை வாங்கி "சரி சரி, அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிடுவார். அந்த அப்புறம் இதுவரை வந்ததே இல்லை. எழுதினால் நடுவில் யாரும் பிடுங்க முடியாது.

நேற்று சித்தி மகள் விடுதிக்கு வந்து என்னைப் பார்த்தாள். பேச்சோடு பேச்சாக, "உங்க முன்னறை ஷட்டர் திறந்து கெடக்கு, வாசல்ல ஆளாளுக்குப் பாத்திரத்தோட நிக்கறாங்க, இலவசமா சாப்பாடு கொடுக்கறாங்களாமே, உனக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டி வைத்தேன். அந்த அவமானம் தனிக் கணக்கு.

அது என் அறை அண்ணி. கல்யாணம் வேண்டாம் என்று நான் ஒரே பிடியாக நின்றபோது வீடே என்னைத் திட்டித் தீர்த்தது. அப்பா மட்டும் திட்டவில்லை. "என்னிக்காவது திரும்பி வந்தா, யாரும் உன்னை எந்திரின்னு சொல்ல முடியாத எடம் ஒண்ணு வேணும்" என்று முன்னறையை என் பேரில் எழுதிவைத்தார். நீங்களும் அப்போது பக்கத்தில்தான் நின்றீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த விடுதிச் சமையலறையில் எனக்கு ஜூலை வரைதான் வேலை. அதன்பிறகு ஓய்வு. அந்த முன்னறையில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போடப்போகிறேன். நாலைந்து மேசை போதும். வேலைக்கு வந்த நாளிலிருந்து யாரோ எழுதின பட்டியலை யாரோ சொன்ன அளவில் சமைத்தாயிற்று. இனி எனக்குப் பிடித்ததை என் கையால் சமைத்து விற்கவேண்டும். இதை நேரில் வந்து உங்களிடம்தான் முதலில் சொல்வதாக இருந்தேன்.

என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். பூட்டை யார் உடைத்தது என்றும் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 11

பாப்பாவுக்கு,

பூட்டை யாரும் உடைக்கவில்லை. உன் அண்ணன்தான் சாவியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றேன். "கேட்டுட்டேன்" என்றார். இன்று உன் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, "கேக்கணும்னு நினைச்சேன். நினைச்சா கேட்ட மாதிரிதானே" என்கிறார். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன், வீட்டு விஷயத்தில் மட்டும் ஒரு திருப்பத்திலும் ஹாரன் அடிக்க மாட்டார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மேல்மாடியில் தனியாக இருக்கிறாரே கணக்கு வாத்தியார், அவர் டிசம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கட்டிலிலேயே கிடந்திருக்கிறார். சமைக்க முடியவில்லை. பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றிருக்கிறார். அதே இரண்டு நாளும் நான் மிஞ்சின சோற்றைக் குப்பைக்கூடையில் கொட்டினேன். அவர் கட்டிலுக்கு நேர் கீழே என் அடுப்பு, பாப்பா. விஷயம் தெரிந்து ஓடிப்போய், "ஒரு குரல் கொடுத்திருக்கலாமே சார்" என்றேன். "என்னன்னு கொடுக்கறதும்மா? பசிக்குதுன்னா?" என்று கேட்டார்.

தெருக்கோடியில் இருந்த பார்சல் கிடங்கை மூடிவிட்டார்கள் என்று உனக்குத் தெரியுமா? பாதித் தெருவுக்கு வேலை இல்லை. யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. சட்டை மட்டும் எல்லாருடையதும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அதனால் நானும் வாத்தியாரும் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனும் சேர்ந்து ஒரு மேசையைப் போட்டோம். எலக்ட்ரீஷியன் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைச் சரிபண்ணிக் கொண்டுவந்தார். மிஞ்சினதை, இல்லாவிட்டால் ஒரு பிடி கூடப் போட்டுச் சமைத்ததை, யாரும் கொண்டுவந்து வைக்கலாம். வேண்டியவர் எடுத்துப் போகலாம். காசு கிடையாது. பேர் எழுதுவதும் கிடையாது. வைக்கிறவரும் எடுக்கிறவரும் ஒரே வாசலில், ஒரே மாதிரி மூடின பாத்திரத்தோடு வந்துபோகிறார்கள். அதனால் யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரிவதில்லை. இதை நாங்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்தது. ஆனால் இது இல்லாவிட்டால் வாத்தியார் மாதிரி ஆட்கள் வாசலையே மிதிக்க மாட்டார்கள். என் வீட்டுக்குள் மேசை போட்டால் தையல் மிஷினைத் தாண்டி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். உன் அறைதான் தெருவைப் பார்த்து இருக்கிறது.

உனக்கு எழுதியிருக்க வேண்டும். உன் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது நான் எழுதின கடிதம் ஒன்றுக்கும் நீ பதில் போடவில்லை. அதில் எழுதும் பழக்கமே விட்டுப்போயிற்று. குத்திக்காட்டவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டுகிறேன்தான்.

என் மகள், உன் மருமகள், மாசமாக இருக்கிறாள். ஆகஸ்டில் எதிர்பார்க்கிறோம். அத்தைக்கு நான்தான் சொல்வேன் என்றாள், சொன்னாளா?

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

சொன்னாள். இரண்டு பேரும் போனில் ஒருபாட்டம் அழுதோம்.

வாத்தியார் பட்ட பாட்டைப் படித்து வருத்தப்பட்டேன். எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். பெயிலாக்கினார், இருந்தாலும் வருத்தம்தான். ஆனால் வருத்தம் வேறு, அறை வேறு.

முந்நூறு பிள்ளைகள் சாப்பிடுகிற சமையலறையில் மேற்பார்வை பார்க்கிறவள் நான். உங்கள் மேசையைப் பற்றிப் படித்ததும் எனக்குக் கேள்வியாகத்தான் வருகிறது. யார் வீட்டில் எப்போது சமைத்தது? கையைக் கழுவினார்களா? அந்தப் பழைய ஃப்ரிட்ஜ் உண்மையிலேயே குளிர்கிறதா, இல்லை உள்ளே விளக்கு மட்டும்தான் எரிகிறதா? ஒரு குழந்தைக்கு வயிறு கெட்டால் யாரைப் போய்க் கேட்பது? நல்ல எண்ணத்துக்கெல்லாம் கிருமி பயப்படாது அண்ணி.

அடுத்தது, வெறுங்கையோடு வந்து எடுத்துக்கொண்டு மட்டும் போகிறவர்கள் இருப்பார்கள். இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன். கணக்கே வைக்காமல் எத்தனை நாள் ஓடும்?

இதெல்லாவற்றையும் விட ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் சும்மா சாப்பாடு கிடைத்த அறையில் நான் விலைப்பலகையை மாட்டினால் யார் உள்ளே வருவார்கள்? "இவ அண்ணி சும்மா கொடுத்தா, இவ காசு கேக்கறா" என்றுதானே பேசுவார்கள்? நான் கடை திறப்பதற்கு முன்பே நீங்கள் என் கடையை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

ஜூன் முடிவதற்குள் எல்லாம் வெளியே போகவேண்டும்.

அம்மா விஷயம் எழுதியிருக்கிறீர்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எழுத வேலை விடவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. நடுவில் எழுத என்ன இருந்தது?

நாத்தனார்


ஏப்ரல் 15

பாப்பாவுக்கு,

நீ சொன்னது நடந்துவிட்டது. அதில் உனக்குச் சந்தோஷம் இருக்காது என்று தெரிந்துதான் உனக்கு எழுதுகிறேன்.

எலக்ட்ரீஷியனின் சின்ன மகள் மேசையிலிருந்து போன முட்டைக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று துவண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இப்போது எழுந்து ஓடுகிறாள். குழம்பு முந்தின நாள் வைத்ததாம். மூன்றாம் மாடி அம்மா மனசாரக் கொண்டுவந்து வைத்ததுதான், கெட்டுப்போனது அவருக்கும் தெரியாது.

எலக்ட்ரீஷியன் மனைவி என் வாசலில் வந்து நின்றாள். "சும்மா வந்த சோறுன்னா என் பிள்ளை வயிறும் சும்மாவா கெடக்கு?" என்று கேட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் கேட்டதில் என்ன தப்பு? ஷட்டரை இறக்கிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்குத் திரைச்சீலை தைக்கவேண்டியிருந்தது. ஒரே தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

மூன்று நாள் கழித்து யாரோ ஷட்டரை மெதுவாகத் தட்டினார்கள். போய்ப் பார்த்தால் எலக்ட்ரீஷியன். தலையை நிமிராமல், "அக்கா, என் வீட்ல தெரிய வேணாம். இன்னிக்கு ஏதாவது இருக்கா?" என்றார். அவருக்கும் கிடங்கில்தான் நிரந்தர வேலை, அதை மூடினதிலிருந்து வெளி வேலை அதிகம் வரவில்லை. ஃப்ரிட்ஜ் கொண்டுவந்து வைத்த மனுஷன் பாப்பா. என் அடுப்பில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகும்போது அவர் நடந்த நடையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மேசை இருந்தபோது அவர் அப்படி நடக்கவில்லை.

உன் அறையை ஜூனில் காலி செய்துவிடுவேன். இதில் மாற்றம் இல்லை. அதுவரைக்கும் யாருக்கும் வயிறு கெடாமல் நடத்துவது எப்படி என்று எழுது. திட்டிக்கொண்டே எழுது, பரவாயில்லை.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணி,

முதலில் அந்த ஃப்ரிட்ஜைத் துடைத்துவிட்டு உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வையுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் காட்டினால் அது ஃப்ரிட்ஜ் இல்லை, அலமாரி. ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் காகித டேப் ஒட்டி என்ன சமைத்தது, எப்போது சமைத்தது என்று எழுதவேண்டும். யார் சமைத்தது என்று எழுதவேண்டாம், அது உங்கள் இஷ்டப்படியே இருக்கட்டும். காலையில் வந்தது மாலைக்குள் போகவேண்டும், போகாவிட்டால் கொட்டவேண்டும். கொட்ட மனசு வராது, கொட்டுங்கள். முட்டை, மீன், இறைச்சி மேசைக்கே வரக்கூடாது, அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் காய்கறிக்கும் சமைத்ததற்கும் வேறு வேறு தட்டு. எடுக்கிற கரண்டியை யாரும் வாயில் வைத்து ருசி பார்க்கக்கூடாது. நம் ஆட்கள் வைப்பார்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்று சொல்லும் ஆள் ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார். அவரை வாசலிலேயே நிறுத்துங்கள். இதையெல்லாம் நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள், உங்களுக்கு முகத்தை முறிக்கத் தெரியாது. கறாரான ஆள் ஒருவரைப் பிடியுங்கள்.

இவ்வளவு எழுதுவதால் அறையைத் தந்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

இங்கே ஒவ்வொரு வேளையும் முடிந்தபிறகு மிஞ்சினதைத் தொட்டியில் கொட்டி, மேலே பினாயில் ஊற்றச் சொல்கிறார்கள். யாரும் எடுத்துவிடக்கூடாதாம். தெருக்கூட்டும் பெண்கள் பின்கேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இத்தனை வருஷமாக ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் கடிதம் வந்தபிறகு ஊற்றும்போது பினாயில் வாசனை கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

நாத்தனார்


மே 18

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை அப்படியே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். கடைசிப் பத்தியை மட்டும் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

பின்வீட்டு நர்ஸைப் பிடித்தேன். அவள் முன்னால் நானே மூச்சு விடக் கூசுகிறேன். மூன்றாம் மாடி அம்மா நேரம் எழுதாமல் கொண்டுவந்த ரசத்தை அவர் கண்ணெதிரே தொட்டியில் ஊற்றினாள். அவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. இப்போது முதல் ஆளாக வந்து, "அடுப்பை அணைத்தது காலை ஏழு பத்து, கையைக் கழுவியது ஏழு ஐந்து" என்று டேப்பில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுகிறார். எலக்ட்ரீஷியன் மனைவியும் திரும்ப வந்தாள். "அந்த நர்ஸ் இருந்தா சரி" என்றாள். ரொட்டிக்கடைக்காரர் விற்காமல் நின்ற ரொட்டியைத் தினமும் அனுப்புகிறார்.

நீ கேட்ட இரண்டாவது கேள்வியும் வந்து நின்றுவிட்டது. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர். தினமும் வருவார், இரண்டு பெட்டி நிறைய எடுப்பார், ஒருநாளும் ஒரு துரும்பு கொண்டுவந்ததில்லை. "ஐயா, நீங்களும் ஏதாவது கொண்டு வரலாமே" என்றேன். "எனக்குச் சமைக்க வராதும்மா." "மேசையையாவது துடைக்கலாமே?" "முதுகு வலி." சொல்லிவிட்டு இரண்டாவது பெட்டியை நிரப்பினார். இரண்டாவது பெட்டி யாருக்கு என்று கேட்கச் சொன்னார்கள் மற்றவர்கள். நான் கேட்கவில்லை. அவருக்கு ஒரு காரணம் இருந்தால்தான் சோறு என்று ஆக்கிவிட்டால், நாளைக்கு எல்லாரும் காரணத்தோடு வரிசையில் நிற்கவேண்டும்.

வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டம் போட்டு, அட்டை கொடுப்போம் என்றார். வைத்தால் ஒரு அட்டை கிடைக்கும், எடுத்தால் ஒரு அட்டை கொடுக்கவேண்டும். எல்லாரும் கை தூக்கினார்கள், நான் மட்டும் தூக்கவில்லை. உன் அண்ணன் பாதி தூக்கினார்.

ஒரு வாரம்தான் ஓடிற்று. வேலையில் இருப்பவர்கள் வீட்டில் அட்டை குவிந்தது. வேலை இல்லாதவர்களிடம் ஒன்றும் இல்லை. மூலை வீட்டுப் பெண் வந்தாள், மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாளைக்கு வர்றேன்க்கா" என்று போனவள் வரவேயில்லை. அட்டையைக் கொடுத்து முடி வெட்டிக்கொள்ளப் போனாராம் ஒருத்தர், கடைக்காரரும் வாங்கிக்கொண்டாராம். தொப்பிக்காரரிடம் மட்டும் அந்த வாரம் முழுக்க எங்கிருந்தோ அட்டை இருந்தது. வாத்தியார் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டார். "ஈவு சரியா வருது, மனுஷன் விடுபட்டுப் போறான்ம்மா" என்றார். மூலை வீட்டுக்கு அவரே இறங்கிப் போய்ப் பேசி, அந்தப் பெண்ணை அழைத்து வந்தார்.

ரொட்டிக்கடைக்குப் பின்னால் கார் நிறுத்துகிற கொட்டகை ஒன்று இருக்கிறது. தண்ணீர் வசதி இல்லை, வெயில் நேராக அடிக்கும். ஜூன் முதல் வாரம் அங்கே மாறிவிடுவோம். உன் அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன்.

அண்ணி


ஜூன் 3

அண்ணிக்கு,

பத்தாம் தேதி வருகிறேன். ஜூலையில் இல்லை, இப்போதே.

பினாயில் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் கை வரவில்லை. மிஞ்சினதைச் சூட்டோடு பெட்டிகளில் மூடி, நேரம் எழுதி, பின்கேட்டில் அந்தப் பெண்களிடம் கொடுத்தேன். அடுத்த நாளும் கொடுத்தேன். ஒரு மாதம் நடந்தது. அதில் ஒருத்தி என்னிடம், "டேப்ல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். "எங்களுக்குமா நேரமெல்லாம் பாத்து எழுதறீங்க?" என்றாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

புது மேனேஜர் பார்த்துவிட்டார். விடுதிப் பொருளை வெளியே கொடுத்ததாக எழுதிக் கையெழுத்து கேட்டார். போட்டேன். நடந்ததுதானே? ஓய்வு இல்லை, நீக்கம். பிரிவு உபசாரம், மாலை, பேச்சு ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷம் நான் நடந்த சமையலறைக்குள் என் செருப்பை எடுக்கக்கூட இன்னொருத்தர் காவலுக்கு வந்தார்.

எனக்கு உங்கள்மேல்தான் கோபம். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் ஜூலை வரைக்கும் ஊற்றிவிட்டு மரியாதையாக வீடு வந்து சேர்ந்திருப்பேன். அந்தக் கோபத்தோடுதான் வருவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அறை தயாராக இருக்கவேண்டும். எனக்கு இனி அது ஒன்றுதான்.

நாத்தனார்


ஜூன் 6

பாப்பா,

கோபத்தோடு வா. எப்படி வேண்டுமானாலும் வா.

அறை காலி. சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருக்கிறது. மேசையை நேற்றே கொட்டகைக்குக் கொண்டுபோனோம்.

நீ கையெழுத்து போட்ட இடத்தைப் படித்துவிட்டு உன் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து, "என் தங்கச்சி" என்றார். ஸ்டேஷனுக்கு அவர் வருவார். சொல்லிவிட்டேன், நினைப்பதோடு நிற்காமல் நிஜமாகவே வரவேண்டும் என்று.

அண்ணி


ஆகஸ்ட் 14

அண்ணிக்கு,

பிள்ளையும் தாயும் நலம் என்று போனில் கேட்டதே போதும். மூக்கு யாருடையது என்று மட்டும் இரண்டு பேரும் சொல்லவில்லை. அண்ணனுடையது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

நீங்கள் மகளிடம் போய் ஒரு வாரம்தான் ஆகிறது. ஒரே வீட்டில் இரண்டு மாதம் இருந்தும் நாம் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டு எங்கே, உப்பு எங்கே என்பதோடு சரி. எழுதினால்தான் நமக்குப் பேச்சு வருகிறது.

கடை சுமார். முதல் வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள், சாப்பிட்டார்கள். அதன்பிறகு நான் பயந்ததுதான் நடக்கிறது. கையில் பெட்டியோடு வாசல்வரை வருகிறார்கள், விலைப்பலகையைப் பார்க்கிறார்கள், "மன்னிச்சுக்கோங்க, மறந்துட்டேன்" என்று கொட்டகைக்குத் திரும்புகிறார்கள். மதியம் மட்டும் பக்கத்துத் தெரு அச்சகத்து ஆட்களும் நர்ஸோடு வேலை செய்பவர்களும் வருவதால் ஓடுகிறது. சாயந்திரம் நான் உட்கார்ந்து நாற்காலிகளைப் பார்க்கிறேன், நாற்காலிகள் என்னைப் பார்க்கின்றன.

உங்கள் தொப்பிக்காரர் வந்தார். உட்கார்ந்தார். பரிமாறினேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், கையைக் கழுவினார், கிளம்பினார். "ஐயா, இது கடை" என்றேன். நின்று சுற்றிலும் பார்த்தார். "அப்படியா? நான் சுண்ணாம்பு மட்டுந்தான் அடிச்சீங்கன்னு நினைச்சேன்" என்றார். போய்விட்டார். எனக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவருக்கு வசதியாகப் போயிற்று.

இதை என்ன செய்வது என்று எழுதுங்கள்.

நாத்தனார்


ஆகஸ்ட் 21

பாப்பாவுக்கு,

மூக்கு அவள் மாமியாருடையது. எல்லாரும் தப்பித்தோம்.

என்ன செய்வது என்று என்னைக் கேட்காதே. நான் சொல்லமாட்டேன். உன்னிடம் கேட்காமல் ஒரு தரம் அந்த அறையில் ஒரு காரியம் செய்தேன். இனி அதில் என்ன நடந்தாலும் அது உன் வாயால் வரவேண்டும்.

இங்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பிள்ளை விழித்துக்கொள்கிறது. மகள் தூங்கி வழிகிறாள், நான் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். நடக்கும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் நீ சமையலறைக்குள் வருவதற்கு என்னைக் கேட்டுவிட்டு வருவாய். உன் வீட்டில் நீ என்னைக் கேட்டாய். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

அண்ணி


செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

ரொட்டிக்கடைக்காரர் புது அடுப்பு வாங்கியிருக்கிறார். அதை வைக்கக் கொட்டகை வேண்டுமாம். அவரைக் குறை சொல்லமுடியாது, இத்தனை நாள் கொடுத்ததே பெரிது. போன மாதக் கடைசியில் மேசையை மடித்து எலக்ட்ரீஷியன் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். ஃப்ரிட்ஜ் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது.

யாராவது வந்து என்னைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. வாத்தியார் படியிறங்கி வருவார், "கடை எப்படிம்மா?" என்பார், போவார். நர்ஸ் சாப்பிட வருவாள், பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள், தலையாட்டுவாள், போவாள். நீங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்று அண்ணனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். "அவகிட்ட யாரும் கேக்கக் கூடாது, அது அவ எடம்" என்று சொன்னீர்களாமே. உங்கள் மரியாதை என்னை நன்றாக மாட்டிவிட்டது. அவர்கள் கேட்கமாட்டார்கள், நானாகச் சொல்ல எனக்கு வாய் வராது. மூலை வீட்டுப் பெண் வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போவாள். மிஞ்சினதைச் சாயந்திரம் மூடிவைத்துவிட்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நானும் அண்ணனுமே மறுவேளையும் சாப்பிட்டோம்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். அண்ணன் பென்ஷன் வேலையாகத் தலைமை அலுவலகம் போயிருந்தார், அடுத்த நாள்தான் வருவார். கடையைத் திறக்கவில்லை. எழுந்து ஒரு கஞ்சி வைக்கத் தெம்பில்லை. எதிர்வீட்டில் எலக்ட்ரீஷியன் மனைவி துணி உலர்த்துவது ஜன்னலில் தெரிந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்க முடியவில்லை அண்ணி. வாயைத் திறந்தேன், பசிக்கிறது என்ற அந்த வார்த்தை மட்டும் வெளியே வரமாட்டேன் என்கிறது. ஊருக்குச் சமைத்துப் போட்டவள் என்ற நினைப்பு விடவில்லை. படுத்துவிட்டேன்.

மத்தியானம் ஷட்டரில் ஒரு தட்டல். எழுந்து போவதற்குள் ஆள் இல்லை. படியில் ஒரு தூக்குவாளி. உள்ளே சோறும் பருப்பும். டேப் இல்லை, நேரம் இல்லை, ஒன்றும் இல்லை. சாயந்திரம் மறுபடி ஒரு தட்டல், ரொட்டியும் சூப்பும். மறுநாள் அண்ணன் வரும்வரைக்கும் அப்படியே நடந்தது.

காய்ச்சல் விட்டதும் எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போனேன். "ஃப்ரிட்ஜ் ஓடுதா?" என்று கேட்டேன். "ஓடும்க்கா. எங்க வெக்கறதுன்னுதான்..." என்று இழுத்தார். "என் கடையில வைங்க. மதியச் சாப்பாடு முடியற வரைக்கும் அது கடை. மூணு மணிக்கு மேல மேசையைப் போட்டுக்கலாம். நர்ஸ் இருக்கணும். முட்டை கூடாது" என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, "மேசையத் தொடைச்சு வெச்சிருக்கேன்" என்றாள். என்றைக்குத் துடைத்தாளோ.

இன்றோடு நான்கு நாள். மூன்று மணிக்குக் கடையில் மிஞ்சுவதுதான் மேசைக்கு முதலில் போகிறது, நேரம் எழுதி. முதல் நாள் மூலை வீட்டுப் பெண் வந்தாள். மூன்றாம் மாடி அம்மாவுக்குப் பின்னால் மூடின பாத்திரத்தோடு நின்றாள். வைக்க வந்தாளா எடுக்க வந்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடையை நான் மூடவில்லை, மூடவும் மாட்டேன். மதியம் விலைதான், அதில் தொப்பிக்காரருக்கும் சலுகை இல்லை. அவர் இப்போது சரியாக மூன்று அடித்ததும் வருகிறார்.

நீங்கள் வந்ததும் கணக்கு ஒன்றும் பேசவேண்டாம். முன்னறையில் உங்கள் தையல் மிஷினுக்கும் ஜன்னலோரம் இடம் ஒதுக்கியிருக்கிறேன், வெளிச்சம் நன்றாக வருகிறது. கேட்டுவிட்டுத்தான் நகர்த்துவேன். நகர்த்தட்டுமா?

அந்தத் தூக்கு யாருடையது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. தெருவில் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டேன், எல்லாரும் எனக்குத் தெரியாது என்கிறார்கள். பருப்பு சரியாக வேகவில்லை, உப்பு ஒரு கை அதிகம். வழித்துச் சாப்பிட்டேன். ஆளைக் கண்டுபிடித்து அந்த உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவதாக இல்லை.

உங்கள்
பாப்பா